காப்பீட்டு நிறுவனம் தந்த பொருளுக்கு யார் பொறுப்பு

காப்பீடு என்பது இழப்புக்குப் பணம் தரும் ஏற்பாடு என்றே பெரும்பாலோர் கருதினாலும், தீ, திருட்டு, விபத்து ஆகியவற்றுக்கான பாலிசிகளில் மிகப் பழைய காலந்தொட்டே இன்னொரு விதியும் இடம்பெற்று வந்திருக்கிறது. இழப்பு நேர்ந்தபின் அதற்கான தொகையைத் தருவதா, அல்லது சேதமடைந்த பொருளைப் பழுதுபார்த்தோ புதிதாகக் கட்டியோ அதற்கு ஈடான வேறொன்றை வாங்கியோ தருவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பாலிசிதாரருக்கு அன்றி நிறுவனத்துக்கே உண்டு என்பதே அவ்விதி. நிறுவனம் இரண்டாவது வழியைத் தேர்ந்து, அவ்வாறு வந்து சேர்ந்த பொருள் பழுதானதாக இருந்துவிட்டால், பாலிசிதாரர் விசித்திரமான ஒரு முக்கோணத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறார். பொருளை விற்ற கடைக்காரருக்கும் அவருக்கும் இடையே விற்பனை எதுவும் நடக்கவில்லை; கடைக்காரரிடம் பணம் கொடுத்து வாங்கியது நிறுவனம்; நிறுவனமோ தான் பொருள் விற்கும் தொழிலில் இல்லை என்று கூறித் தயாரிப்பாளரின் உத்தரவாதச் சீட்டைக் காட்டுகிறது. குளிர்சாதனப் பெட்டியும் கைப்பேசியும் வந்த பிறகு தோன்றிய சிக்கல் போல இது தோன்றலாம். ஆயினும் இதன் வேர் பதினேழாம் நூற்றாண்டு லண்டனின் செங்கல் சுவர்களில் இருக்கிறது. அதற்கான விடையையும் நீதிமன்றங்கள் முதன்முதலில் கட்டட வழக்குகளில்தான் கண்டன.

1666 செப்டம்பரில் புட்டிங் லேன் என்ற தெருவின் ரொட்டிக்கடை ஒன்றில் பற்றிய நெருப்பு, நான்கைந்து நாட்களில் லண்டன் நகரின் சுமார் 13,200 வீடுகளையும், 87 பங்குக் கோயில்களையும், புனித பவுல் பேராலயத்தையும் அழித்தது. அக்காலத்தில் அங்கே தீக்காப்பீடு என்ற ஏற்பாடே இல்லை. மேலும், குத்தகைப் பத்திரங்களின்படி எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டித்தரும் கடமையும் அதுவரைக்குமான வாடகையைச் செலுத்தும் கடமையும் பெரும்பாலும் குடியிருந்தவர் தலையிலேயே விழுந்தன. வீடும் இல்லாமல், தொழிலும் இல்லாமல், சாம்பல் மேட்டுக்கு வாடகை கட்ட வேண்டிய நிலைக்கு ஆளானவர்களின் வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தீ நீதிமன்றம் ஒன்றை நிறுவியது. கிளிஃபர்ட்ஸ் இன் என்ற இடத்தில் அமர்ந்து விசாரித்த அதன் நீதிபதிகள், வீட்டைக் கட்ட முன்வரும் குடியிருப்பாளருக்குக் குத்தகைக் காலத்தை நீட்டியும் வாடகையைக் குறைத்தும், பத்திரத்தின் எழுத்தைக் காட்டிலும் நியாயத்துக்கு முதலிடம் தந்து தீர்ப்பளித்தனர். எரிந்ததைத் திரும்ப எழுப்பும் சுமையை யார் தாங்குவது என்பதே அந்த நீதிமன்றத்தின் முன் வந்த அடிப்படைக் கேள்வி. அந்தச் சுமையை ஒரு கட்டணத்துக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளும் தொழில் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் பிறந்தது.

அத்தொழிலை நிலைபெறச் செய்தவர் நிக்கலஸ் பார்பன். மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றிருந்தும் அதைத் தொழிலாகக் கொள்ளாமல், தீக்குப் பிந்திய லண்டனில் மனைகளை வாங்கிக் கூட்டங்கூட்டமாக வீடுகள் எழுப்பி விற்ற பெரும் கட்டடத் தொழில்முனைவோர் அவர். 1680–81இல் ராயல் எக்ஸ்சேஞ்சின் பின்புறத்தில் அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய தீக்காப்பீட்டு அலுவலகம், செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் நூற்றுக்கு இரண்டரையும், எளிதில் பற்றிக்கொள்ளும் மரவீட்டுக்கு அதன் இரு மடங்காக ஐந்தும் கட்டணமாக வசூலித்தது. இழப்புக்குப் பணம் தருவது, அல்லது வீட்டைத் தானே கட்டித்தருவது என்ற இரட்டை வழி இத்தகைய தொடக்ககால அலுவலகங்களின் பத்திரங்களிலேயே வேரூன்றியது. கொத்தனார்களையும் தச்சர்களையும் ஏற்கெனவே கூலிக்கு வைத்திருந்த, செங்கல்லையும் மரத்தையும் மொத்தமாக வாங்கும் வசதி படைத்திருந்த ஒருவருக்கு, பணமாகக் கொடுப்பதைவிடக் கட்டிக்கொடுப்பது மலிவானது என்பது வெளிப்படை. மொத்தக் கொள்முதலில் தனக்குக் கிடைக்கும் தள்ளுபடியை மனத்தில் கொண்டு பணத்துக்குப் பதில் பொருளைத் தர விரும்பும் இன்றைய நிறுவனத்தின் கணக்கும் அதுவே.

கட்டடத் தொழில்முனைவோராகப் பார்பன் ஈட்டிய பெயரையும் இங்கே குறிப்பிட வேண்டும். மின்சிங் லேனில் அவர் கட்டிய வீடுகளின் நிலவறை வளைவுகள் போதிய வலுவின்றி உள்வாங்கி, வீடுகள் சரிந்து விழுந்ததை, அவரை நன்கு அறிந்திருந்த வழக்கறிஞர் ராஜர் நார்த் எழுதி வைத்திருக்கிறார். மாற்றாகத் தரப்படும் பொருளின் தரம், அதைத் தருபவருக்கு அதனால் மிச்சமாகும் செலவோடு எப்போதும் மோதிக்கொண்டிருக்கும் என்ற உண்மை, இத்தொழிலின் முதல் மனிதரிடமே இவ்வாறு வெளிப்பட்டுவிட்டது.

பார்பனைத் தொடர்ந்து 1680களில் ஃபிரெண்ட்லி சொசைட்டியும், 1696இல் ஹேண்ட் இன் ஹேண்ட் என்ற பரஸ்பரக் கழகமும் தோன்றின. ஒவ்வொன்றும் தான் காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் ஈயத் தகட்டாலான அடையாளத்தைப் பதித்ததோடு, தேம்ஸ் ஆற்றுப் படகோட்டிகளைக் கொண்டு தீயணைப்புப் படையையும் அமர்த்திக்கொண்டது. இவையெல்லாம் கட்டடங்களுக்கு மட்டுமே காப்பளித்தன. வீட்டுக்குள் இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களும் கடைச் சரக்குகளும் காப்பீட்டுக்குள் வந்தது சார்லஸ் போவி என்பவர் 1708 அளவில் மேற்கொண்ட முயற்சியாலும், அதிலிருந்து 1710இல் உருவான சன் தீக்காப்பீட்டு அலுவலகத்தாலுமே. அந்த ஆண்டுகளில்தான் மாற்றுப்பொருள் என்ற கருத்து சுவர்களிலிருந்து நாற்காலிக்கும் துணிமூட்டைக்கும் நகர்ந்தது.

பணத்துக்குப் பதிலாகக் கட்டித்தரும் உரிமைக்குச் செலவுக் கணக்கைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. சொத்தின் மதிப்பை மிகைப்படுத்திக் காப்பீடு செய்து, பிறகு தானே தீ வைத்துவிட்டுப் பணத்தோடு மறைந்துவிடும் வஞ்சகத்துக்கு அது தடையாக அமையும் என்று நம்பப்பட்டது. 1774ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் இந்தக் கருத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. அதன் 83ஆம் பிரிவின்படி, எரிந்த கட்டடத்தில் உரிமைத் தொடர்புள்ள எவர் கேட்டாலும், அல்லது உரிமையாளரே தீ வைத்திருப்பார் என்ற ஐயம் நிறுவனத்துக்கு எழுந்தாலும், காப்பீட்டுத் தொகையை அந்தக் கட்டடத்தைத் திரும்ப எழுப்புவதற்கே நிறுவனம் செலவிட வேண்டும். தொகையை அதே பணிக்குச் செலவிடுவதாக உரியவர் 60 நாட்களுக்குள் போதிய பிணை தந்தால் இதற்கு விலக்கு உண்டு. சட்டத்தின் பெரும்பகுதி பின்னர் நீக்கப்பட்டபோதும், இப்பிரிவும் தற்செயலான தீயைப் பற்றிய இன்னொரு பிரிவும் இன்றுவரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருந்துவருகின்றன. லண்டனுக்காக எழுதப்பட்ட 83ஆம் பிரிவு நாட்டின் பிற பகுதிகளுக்கும் பொருந்தும் என்று 1864இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கட்டித்தர ஒப்புக்கொண்ட நிறுவனம் அரைகுறையாகக் கட்டினால் என்ன செய்வது என்பதைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. அதற்கான விடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்குகளில் சிறிது சிறிதாக உருவாயிற்று. 1825இல் வந்த வழக்கொன்றில், நிறுவனம் எரிந்த கட்டடத்தை எழுப்பித்தர முன்வந்தது. ஆனால் பழைய எல்லைக் கோட்டிலேயே கட்ட அதிகாரிகள் இசையாததால், புதிய கட்டடம் முன்னதைவிடச் சிறியதாகவும் மதிப்புக் குறைந்ததாகவும் அமைந்தது. அந்த மதிப்புக் குறைவை நிறுவனமே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தடை எங்கிருந்து வந்தாலும், தருவதாகச் சொன்னதற்குக் குறைவானதைத் தந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவ முடியாது என்ற எண்ணம் அதில் தலைகாட்டியது.

அந்த எண்ணத்தை முழுமையான கொள்கையாக நிறுவியது 1859ஆம் ஆண்டின் பிரவுன் எதிர் ராயல் இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கு. பணம் தருவதற்குப் பதிலாகக் கட்டடத்தைச் சீரமைத்துத் தருவதாக நிறுவனம் தெரிவித்துப் பணியைத் தொடங்கியிருந்தது. அந்நிலையில், கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று கூறி நகர அதிகாரிகள் அதை இடிக்க ஆணையிட்டனர். அந்த ஆபத்துக்குத் தீயால் நேர்ந்த சேதம் காரணம் அன்று. செய்ய முடியாமற்போன ஒன்றுக்குத் தான் பொறுப்பாக முடியாது என்று நிறுவனம் வாதிட்டது. தலைமை நீதிபதி கேம்பல் பிரபு அதை ஏற்கவில்லை. இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தது, அது தேர்ந்துவிட்டது, தேர்ந்த கணத்திலிருந்து, தொடக்கத்திலேயே கட்டடத்தைச் சீரமைத்துத் தருவதற்காக மட்டுமே ஒப்பந்தம் செய்துகொண்டதைப் போன்ற நிலையில் அது இருக்கிறது, எனவே நிறைவேற்றத் தவறினால், ஒப்பந்தத்தை மீறிய எந்தக் கட்டடக்காரரையும் போல இழப்பீடு தர வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு. அட்லாண்டிக்கின் மறுகரையில், 1865இல் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் மோரல் எதிர் இர்விங் தீக்காப்பீட்டுக் கம்பெனி என்ற வழக்கில் இன்னும் ஓரடி முன்னே சென்றது. கட்டித்தரத் தேர்ந்த பிறகு காப்பீட்டு ஒப்பந்தம் கட்டட ஒப்பந்தமாக மாறிவிடுவதால், அதை மீறியதற்கான இழப்பீடு பாலிசியில் குறித்த தொகைக்குள் அடங்கியிருக்க வேண்டியதில்லை என்று அது அறிவித்தது.

இத்தீர்ப்புகளின் நியாயம் ஆழமானது. பணம் தரும்போது இழப்பின் அளவு முடிவாகிவிடுகிறது. அந்தப் பணத்தைக் கொண்டு எங்கே வாங்குவது, எவரிடம் வேலை கொடுப்பது என்பதெல்லாம் பாலிசிதாரரின் விருப்பம் என்பதால், அதன் விளைவும் அவரைச் சேர்கிறது. பொருளாகத் தரும்போது அந்த விருப்பம் முழுவதையும் நிறுவனம் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. கொத்தனாரையோ கடையையோ தெரிவுசெய்வதும், விலை பேசுவதும், மிச்சத்தைத் தன் கணக்கில் வைத்துக்கொள்வதும் அதுவே. தெரிவின் ஆதாயத்தைப் பெறுகிறவர் தெரிவின் தவறையும் ஏற்க வேண்டும் என்பதில் மறுப்பதற்கு எதுவும் இல்லை.

இவ்வளவு தெளிவாக நிலைபெற்ற கொள்கை, சிறு பொருள்களின் உலகத்துக்கு வந்தபோது மங்கிப்போனதற்கு வேறு சட்டங்களின் வளர்ச்சியும் காரணமாயிற்று. ஒப்பந்தத்தில் பங்குகொள்ளாத ஒருவர் அதன்கீழ் வழக்குத் தொடர முடியாது என்ற விதியை 1861ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று உறுதிப்படுத்தியது. அதன்படி, நிறுவனமும் கடைக்காரரும் செய்துகொண்ட கொள்முதலைக் காட்டிப் பாலிசிதாரர் கடைக்காரரிடம் முறையிட இயலாது. விற்கப்படும் பொருள் உரிய தரத்துடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அப்பொருளில் வணிகம் செய்பவரின் விற்பனையில் அடங்கியிருப்பதாக 1893ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வகுத்தது. மெக்கன்சி சால்மர்ஸ் வரைந்த அச்சட்டம் நுகர்வோர் உரிமைக்குப் பெரும் அரணாக விளங்கியபோதிலும், பண விலைக்கு நடக்கும் விற்பனையை மட்டுமே அது தழுவியது. காப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்க்கும் வழியில் கைமாறும் பொருள் அந்த இலக்கணத்துக்குள் எளிதில் அடங்கவில்லை. 1932இல் டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு, தயாரிப்பாளர் தம்மிடம் நேரடியாக வாங்காத நுகர்வோருக்கும் கவனக் கடமை உடையவர் என்று நிறுவியது உண்மையே. எனினும் பழுதான பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ கேடு விளைந்தால்தான் அக்கடமை உதவும். பொருள் வெறுமனே வேலை செய்யாமல் கிடந்தால், அதன் மதிப்பை அதன்வழி மீட்க முடியாது.

இதற்கிடையில் பாலிசிகளின் இயல்பும் மாறிக்கொண்டிருந்தது. இழந்ததற்கு ஈடானதையே தர வேண்டும், அதற்கு மேலும் கூடாது, குறைவும் கூடாது என்பது ஈட்டுறுதிக் கொள்கை; 1883இல் காஸ்டலெய்ன் எதிர் பிரெஸ்டன் வழக்கில் அது மிக அழுத்தமாக எடுத்துரைக்கப்பட்டது. அதன்படி, பத்தாண்டு பழகிய மேசைக்குத் தேய்மானம் கழித்த தொகையே கிடைக்கும். இருபதாம் நூற்றாண்டில் வீட்டுப் பாலிசிகளில் பழையதற்குப் புதியது தருவதாகச் சொல்லும் வகை பெருகியபோது, மாற்றுப்பொருள் தருவது விதிவிலக்கு என்ற நிலை மாறி வழக்கமாயிற்று. நிறுவனங்கள் நகைக்கும் மின்சாதனத்துக்கும் கம்பளத்துக்கும் தனித்தனி விற்பனையாளர்களோடும், வாகனத்துக்குப் பட்டறைகளோடும் மொத்த ஏற்பாடு செய்துகொண்டன. பழுதான பொருளைப் பற்றிய முறையீட்டை அந்த விற்பனையாளர் பக்கம் திருப்பிவிடும் பழக்கமும் அந்த ஏற்பாடுகளோடு கூடவே வளர்ந்தது.

ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1979இல் வழங்கிய தீர்ப்பு இந்தப் போக்குக்குத் தக்க பதிலாக அமைந்தது. விபத்துக்குள்ளான காரைப் பழுதுபார்த்துத் தர நிறுவனம் தேர்ந்தது; எட்டு வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை 47 வாரங்கள் இழுத்தது. காரின்றித் தவித்த காலத்துக்கு உரிமையாளர் கேட்ட இழப்பீட்டுக்கு, பட்டறையின் தாமதத்தைக் காட்டி நிறுவனம் தப்ப முடியவில்லை. நியாயமான காலத்துக்குள் வேலையை முடித்துத்தரும் கடமை நிறுவனத்தையே சார்ந்தது என்று முடிவாயிற்று. 1859இல் செங்கல் சுவருக்குச் சொன்னது 120 ஆண்டுகளுக்குப் பின் மோட்டார் வாகனத்துக்கும் சொல்லப்பட்டது.

அதே 1979இல், விற்பனை அல்லாத பிற வழிகளில் கைமாறும் பொருள்களுக்கும் தரம் பற்றிய உறுதிகள் சட்டத்தால் கிடைக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1982இல் சரக்கு மற்றும் சேவை வழங்கல் சட்டம் பிறந்தது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இவற்றை ஒருங்கிணைத்து, பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமையையும், ஒருமுறை பழுதுபார்த்தோ மாற்றியோ தந்தும் சரியாகாவிட்டால் விலைக்குறைப்போ முழுத் தொகையோ கேட்கும் உரிமையையும், முதல் ஆறு மாதங்களில் தென்படும் குறை பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளும் அனுமானத்தையும் வகுத்தது. காப்பீட்டின்கீழ் வரும் மாற்றுப்பொருளைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடாததால், வாதத்துக்கு இடம் முழுவதும் அடைபடவில்லை.

நடைமுறையில் அந்த இடைவெளியை நிரப்பியது நீதிமன்றத்தைக் காட்டிலும் குறைதீர்ப்பாளர் அமைப்பே எனலாம். காப்பீட்டு நிறுவனங்கள் சில தாமாகவே முன்வந்து 1981இல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை நிறுவின. ஜேம்ஸ் ஹாஸ்வெல் அதன் முதல் குறைதீர்ப்பாளரானார். 2001இல் சட்டத்தின் வலிமையோடு தொடங்கிய நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் அமைப்பு அதன் இடத்தைப் பெற்றது. சட்டத்தின் நுணுக்கத்தோடு நின்றுவிடாமல் எது நேர்மையானது, நியாயமானது என்ற அளவுகோலால் தீர்ப்பளிக்கும் கடமை அதற்கு உண்டு. பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ நிறுவனம் தேர்ந்தால், அது அமர்த்திய கடையின் பொருளுக்கும் பட்டறையின் வேலைக்கும் நிறுவனமே பொறுப்பு என்ற நிலைப்பாட்டை அவ்வமைப்பு தொடர்ந்து கடைப்பிடித்து வருகிறது. கோரிக்கை ஒருமுறை தீர்க்கப்பட்டுவிட்டது என்ற வாதம் பழுதான மாற்றுப்பொருள் விஷயத்தில் நிற்காது. நல்ல பொருள் கைக்கு வரும்வரை கோரிக்கை தீரவில்லை என்பதே அந்த நிலைப்பாட்டின் உட்பொருள். பணம் தரும் வழியில் மட்டும் இங்கிலாந்துச் சட்டம் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. தொகையைத் தாமதித்ததால் தொழிலே அழிந்துபோன பாலிசிதாரருக்குக்கூட அந்தத் தாமதத்துக்காக இழப்பீடு இல்லை என்றிருந்த நிலை, 2017 மே 4 முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்குத்தான் மாறிற்று.

இந்த வரலாற்றின் கிளை ஒன்று இந்தியாவுக்கும் வந்தது. 1850இல் கல்கத்தாவில் டிரைட்டன் கம்பெனி தொடங்கிய பொதுக்காப்பீட்டுத் தொழில் பிரிட்டிஷ் பாலிசிகளின் வாசகங்களையே பின்பற்றி வளர்ந்தது. 1973இல் பொதுக்காப்பீடு நாட்டுடைமையாகிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட நான்கு நிறுவனங்களாகத் திரண்ட பின்னும் அவ்வாசகங்கள் மாறவில்லை. வாகனப் பாலிசியில், பழுதுபார்ப்பதா, மாற்றித்தருவதா, பணம் தருவதா என்பது நிறுவனத்தின் விருப்பம் என்ற விதி இன்றும் இருக்கிறது. தீக்காப்பீட்டுப் பாலிசியிலோ, திரும்ப அமைத்துத்தரும்போது முன்பிருந்ததை அப்படியே தர வேண்டியதில்லை, சூழ்நிலை இடந்தரும் அளவில் போதுமானதாக அமைந்தால் சரி என்ற வரியும் சேர்க்கப்பட்டது. 1825 வழக்கின் விளைவிலிருந்து தப்பிக்க எழுதியதைப் போன்ற வரி அது; ஆயினும் பழுதான பொருளைப் போதுமானது என்று வாதிட அதில் இடமில்லை.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காப்பீட்டைச் சேவை என்ற வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்த்தது. அதன் இடத்தில் வந்து 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தக்கவைத்துக்கொண்டது. எனவே பொருளை விற்றவர் யார் என்ற வாதத்துக்குள் புகாமலே, அதைத் தேர்ந்து தந்த நிறுவனத்தின் சேவைக் குறைபாடாகப் பழுதை முன்வைக்கப் பாலிசிதாரருக்கு வழி உண்டு. பட்டறையில் வண்டியை எடுக்கும்போது வேலை திருப்தி என்று எழுதிய தாளில் பெறும் கையெழுத்தைக் காட்டி நிறுவனங்கள் கோரிக்கையை மறுப்பது வழக்கமாகிவிட்டது. கோரிக்கை முழுவதும் தீர்ந்தது என்று எழுதிக்கொடுத்த சீட்டுகூட, அது மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டது என்று காட்டினால், பாலிசிதாரரின் உரிமையைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கூறியிருக்கிறது. அவ்வாறு காட்டுவது எளிதன்று என்பதால், பொருளை இயக்கிப் பார்க்காமலும் வண்டியை ஓட்டிப் பார்க்காமலும் அத்தாளில் கையெழுத்திடாமல் இருப்பதும், குறை தெரிந்த நாளிலேயே கடைக்காரருக்கு அன்றி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து அதன் நகலை வைத்துக்கொள்வதும் இன்றியமையாதவை. நிறுவனத்தின் பதில் மனநிறைவளிக்காவிட்டால் தமிழ்நாட்டினரும் புதுச்சேரி, காரைக்கால் பகுதியினரும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அல்லது தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.